பொழுது சாய்ந்தபின் எடுத்த வீடியோ

அன்புள்ள மகனுக்கு,

"எனக்குப் பசிக்குதுன்னு தெரிஞ்சும் அன்னிக்கு ஏம்மா போனை எடுத்தே?" போன ஞாயிறு காலை, திண்டிவனம் பஸ் நிலையத்தில், பெங்களூர் பஸ்ஸின் படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு நீ கேட்டாய். சண்டை போடும் குரலில் கேட்கவில்லை. "சும்மாதான் கேக்கறேன், பதில் சொல்லணும்னு இல்ல" என்றும் சேர்த்துக்கொண்டாய். கண்டக்டர் "ஏறுப்பா, ஜல்தி" என்றார், நீ ஏறிவிட்டாய். ஆறு நாட்களாக அந்தக் கேள்விக்குப் பதில் தேடுகிறேன். எனக்குத் தெரியவில்லை. தெரிந்ததுபோல ஏதாவது எழுதிவிட முடியும். இத்தனை வருடம் விளம்பரம் எழுதிய கைக்கு அது கஷ்டமில்லை. உனக்கு அப்படி எழுத வேண்டாம் என்று நினைக்கிறேன்.

அதற்கு முன் நான்கு நாள் நீ வீட்டில் இருந்தபோது, புது வேலை கிடைத்த கதையை இரண்டாம் நாள்தான் சொன்னாய். கம்பெனிகளுக்குச் சமூக ஊடகத்தில் விளம்பரம் செய்து கொடுக்கும் இடம். உன்னோடு நேர்காணலுக்கு வந்தவர்கள் பலர். "மூணு நிமிஷம் கூட ஆவலம்மா. அந்த சார் என் மூஞ்சியவே பாத்துக்கினு இருந்தாரு. 'நீதானே அந்த சூரியன் பையன்?'னு கேட்டாரு. அப்பறம் வேற எதுவுமே கேக்கல" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாய். அந்தச் சிரிப்பை நான் முன்பே பார்த்திருக்கிறேன். பள்ளிக்கூடத்தில் அடிபட்டு வந்த நாட்களில் அப்படித்தான் சிரிப்பாய். கொஞ்ச நேரம் கழித்து, துணியை மடித்தபடி, "அந்த வீடியோவ அழிச்சிடேன். முடிஞ்சா" என்றாய். நான் "பாக்கலாம்" என்றேன். நீ கேட்டது அது மூன்றாவது முறை. பதின்மூன்று வயதில் ஒருமுறை கேட்டாய், பன்னிரண்டாம் வகுப்பு முடித்தபோது ஒருமுறை. மூன்று முறையும் நான் சொன்னது அந்த ஒரே சொல்.

என்ன நடந்தது என்பதை ஒருமுறையாவது முழுதாக எழுதிவைக்க வேண்டும். அன்றைக்கு உனக்குப் பத்து வயது. மேல்சித்தாமூர் சைன மடத்துக்குப் போய்வந்து, பத்து நாள் பர்வ நோன்பில் பொழுது சாய்ந்தபின் வாயில் எதுவும் வைப்பதில்லை என்று நீயாகவே விரதம் எடுத்துக்கொண்டாய். நாம் சைனர்கள்தான்; ஆனாலும் இருட்டுவதற்குள் சாப்பிட்டுவிட வேண்டும் என்பதை நம் வீட்டில் குழந்தைகளிடம் யாரும் வற்புறுத்தியதில்லை. நான் பல்கலைக்கழகத்தில் புள்ளியியல் படித்தவள். மாமியார் வீட்டு வழக்கம் என்று நானும் பொழுதோடு சாப்பிட்டு வந்தேனே ஒழிய, அதில் பெரிய நம்பிக்கை எனக்கு இருந்ததில்லை. உனக்கு இருந்தது. ஐந்தாம் நாள், நம் பொடிக் கடைக்கு லேபிள் அச்சடிக்க விழுப்புரம் போனபோது, பள்ளி விடுமுறை என்று உன்னையும் கூட்டிப்போனேன். அச்சகத்தில் எழுத்துப்பிழை, திருத்தச் சொல்லிக் காத்திருந்தேன். ஐந்து மணி வண்டியை விட்டோம். அடுத்த வண்டி முண்டியம்பாக்கத்தில் சிக்னலுக்காக நின்றது. ஜன்னலில் வெளிச்சம் குறையக் குறைய நீ என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாய். என் பையில் உனக்கென்று கொண்டுவந்த பொரியுருண்டை அப்படியே இருந்தது. ரயிலுக்குள் எடுத்துக் கொடுக்க எனக்குத் தோன்றவில்லை. லேபிளில் நிறம் சரியாக வந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்தபோது நன்றாக இருட்டிவிட்டது. நான் தட்டில் இட்லி வைத்து "சாப்புடு, ஒண்ணும் ஆவாது" என்றேன். "விரதம்மா" என்றாய். ஜன்னலருகே போய் நின்றாய். கொஞ்ச நேரத்தில் அழுகை வந்தது. அழுதுகொண்டே, தட்டைப் பார்க்காமல், "சூரியன் எப்பம்மா வரும்?" என்று கேட்டாய். அப்போதுதான் நான் போனை எடுத்தேன்.

நான்கு நிமிடம் எடுத்திருக்கிறேன். அதில் நீ விரதத்தைப் பற்றிச் சொல்கிறாய். மடத்தில் சாமிகள் உன் தலையில் மயிற்பீலியால் தொட்டதைச் சொல்கிறாய். நடுவில் மூக்கைத் துடைத்துக்கொள்கிறாய். கடைசியில் கடையைப் பூட்டிவிட்டு உன் அப்பா உள்ளே வருகிறார். "இன்னா பண்ணிக்கினு இருக்கே? புள்ள அழுதுகினு இருக்குது, நீ படம் புடிச்சிக்கினு இருக்கே" என்கிறார். அதோடு முடிகிறது. அவர் உன்னைத் தோளில் போட்டுக்கொண்டு மாடிக்குப் போய்விட்டார். நீ எப்போது தூங்கினாய் என்று எனக்குத் தெரியாது. நான் கீழே அந்த வீடியோவை நம் கடைப் பக்கத்தில் போட்டுக்கொண்டிருந்தேன். 'வெங்காயம் பூண்டு இல்லாத பொடி வகைகள், சைனக் குடும்பத் தயாரிப்பு' என்று கீழே எழுதினேன்.

இரண்டாவது வாரத்தில் ஆர்டர்கள் குவிந்தன. திருச்சி, மதுரை, சிங்கப்பூர். நம்மிடம் பொடி கட்டும் கலா அப்போதுதான் வேலைக்கு வந்திருந்தாள். "அக்கா, தம்பி அழுதான், நமக்கு விடிஞ்சிருச்சு" என்றாள். அவள் வேடிக்கையாகத்தான் சொன்னாள். நான் அதை உண்மையென்று எடுத்துக்கொண்டேன். உன் வீடியோதான் கடையைத் தூக்கி நிறுத்தியது என்று அன்று முடிவு செய்தவள், பன்னிரண்டு வருடம் அதைச் சோதித்துப் பார்க்கவே இல்லை. விழுப்புரம் கல்லூரியில் எட்டு வருடம் பாடம் நடத்தியிருக்கிறேன். ஐப்பசியில் குடையும் அதிகம் விற்கும், காய்ச்சலும் அதிகம் வரும், அதற்காகக் குடையால் காய்ச்சல் வந்தது என்று எழுதினால் மதிப்பெண் கிடையாது என்று பிள்ளைகளிடம் சொல்வேன். அந்த இரண்டாவது வாரம் புரட்டாசி பிறந்திருந்தது. ஊரில் பாதிப்பேர் கறி மீனோடு வெங்காயம் பூண்டையும் விட்டுவிடுகிற மாதம். வெங்காயம் இல்லாத பொடியை அந்த மாதத்தில் யார்தான் தேட மாட்டார்கள்? இது எனக்கு அன்று தோன்றவில்லை என்று சொன்னால் பொய். தோன்றியது. நம்ப விருப்பமில்லை. பொடிக்கு எந்தக் கடையும் போட்டிக்கு வரலாம், அழுகிற பிள்ளை என்னிடம் மட்டும்தான் இருந்தான்.

நீ இனி இந்தத் தொழிலில்தான் இருக்கப் போகிறாய். ஆகையால் இதைத் தொழில் பேச்சாகவும் கேட்டுக்கொள். ஒவ்வொரு இடமும் மாறிக்கொண்டே இருந்தது. முதலில், பக்கம் ஒன்றைத் திறந்து எழுதிப் போட்டால் பின்தொடர்கிறவர்கள் எல்லாருக்கும் போய்ச் சேரும். பிறகு ஒருநாள் யாருக்கும் போகவில்லை. விளம்பரமாகப் போட்டால்தான் போகும் என்றார்கள். பிறகு குரூப்பில் எல்லாரும் வந்து சேர்ந்தார்கள். அப்புறம் குட்டி வீடியோ செயலி ஒன்று வந்தது. அங்கே நம் கடைக்கு இருந்த கூட்டத்தைப் பார்த்துக் கலா தலையில் பூ வைத்துக்கொண்டு வீடியோவில் நிற்க ஆரம்பித்தாள். அதை அரசாங்கம் ஒரே நாளில் தடை செய்தது. மறுநாள் கலா வந்து போனைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு, "எல்லாரும் எங்கக்கா போனாங்க?" என்று கேட்டாள். பிறகு ரீல்ஸ்.

மாறும் இடத்துக்கு ஏற்ப மாறுவது எப்படி என்று உன் கம்பெனியில் வகுப்பே எடுப்பார்கள். நான் எப்படி மாறினேன் என்று சொல்கிறேன். நான்கு நிமிட வீடியோவை யாரும் பார்ப்பதில்லை என்று தெரிந்தபோது ஒரு நிமிடமாக வெட்டிப் பழையதன் இடத்தில் போட்டேன். மடத்துக்கு நீ போன கதை முதலில் போயிற்று. பிறகு முப்பது நொடி என்றார்கள். விரதம் என்ற சொல் போயிற்று. உன் அப்பாவின் குரல் போயிற்று. கடைசியாக, முதல் மூன்று நொடியில் பிடிக்காவிட்டால் விரலால் தள்ளிவிட்டுப் போய்விடுவார்கள் என்றார்கள். கண்ணீர் வழியும் இடத்திலிருந்து தொடங்குகிற மாதிரி வெட்டினேன். இப்போது எல்லாரும் பார்ப்பது அந்தப் பதினைந்து நொடிதான். பசியில் ஒரு பையன் அழுகிறான், சூரியன் எப்போது வரும் என்கிறான், பக்கத்தில் தட்டு நிறைய இட்லி இருக்கிறது. நீயாக எடுத்துக்கொண்ட விரதம் என்பதற்கு அதில் ஒரு தடயமும் இல்லை. 'பிள்ளையைப் பட்டினி போடும் தாய்' என்று கீழே வந்து திட்டினார்கள். திட்டுபவர்களுக்குப் பதில் எழுதினால் வீடியோ இன்னும் பலரிடம் போகும் என்று அதற்குள் கற்றிருந்தேன். ஆகவே ஒவ்வொருவருக்கும் பொறுமையாகப் பதில் எழுதினேன்.

பள்ளியில் உனக்கு என்ன நடந்தது என்பதை நீ சொல்லவில்லை. ஒன்பதாம் வகுப்புக்கு உன்னை விழுப்புரம் பள்ளியில் சேர்த்த பிறகு ஒருநாள், கட்டணம் கட்ட வந்தவள் மதிய இடைவேளையில் மைதானத்து ஓரமாக நின்றேன். "டேய் சூரியன், மணி ஆறாவப் போவுது, ஜல்தி தின்னுடா" என்று ஒருவன் கத்தினான். இன்னொருவன் உன் டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு ஓடி, "எப்பம்மா வரும்?" என்று அழுதுகாட்டினான். நீ எழுந்து போய் வாங்கவில்லை. கையைக் கழுவிவிட்டு வகுப்புக்குப் போய்விட்டாய். நான் அங்கே நின்றதை உனக்குச் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து, அன்றைக்கே அதை அழித்திருக்கலாம். தீபாவளி நெருங்குகிறது, முடியட்டும் என்று நினைத்தேன். அதன்பின் பொங்கல் வந்தது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நீ கல்லூரியில் இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தாய். விழுப்புரம் பஸ் நிலையத்தில் உன்னைப் பார்த்தேன். ஏழு மணி இருக்கும். தள்ளுவண்டிக் கடையில் பரோட்டா சாப்பிட்டுக்கொண்டிருந்தாய். கடைக்காரர் சால்னா ஊற்ற வந்தபோது தட்டைக் கையால் மூடிக்கொண்டு, "சால்னா வேணாண்ணா, சக்கரை மட்டும் போடுங்க" என்றாய். "இன்னா தம்பி, கொயந்த மாதிரி" என்று அவர் சிரித்தார். நீயும் சிரித்தாய். பொழுது சாய்ந்தபின் சாப்பிடுகிறாய் என்பதில் எனக்கு வருத்தமில்லை. கறிச்சாறு வேண்டாம் என்று தட்டை மூடினாயே, அதைத்தான் பார்த்துக்கொண்டே இருந்தேன். எல்லாவற்றையும் விட்டுவிடவில்லை, உனக்கு வேண்டியதை வைத்துக்கொண்டிருக்கிறாய். யாருக்கும் காட்டுவதற்காக இல்லை. நான் புதுச்சேரி பஸ்ஸுக்குப் பின்னால் ஒதுங்கி நின்றேன். இதை இப்போது எழுதுவதற்குத்தான் இவ்வளவு சுற்றி வந்தேன்: அப்போது என் கை பைக்குள் போய்ப் போனைத் தேடியது. எடுக்கவில்லை. ஆனால் கை போயிற்று. நீ கேட்ட கேள்விக்கு அருகில் என்னால் போக முடிந்த தூரம் இவ்வளவுதான். உன் பத்து வயதில் அன்றைக்கும் என் கை அப்படித்தான் போயிருக்க வேண்டும். நான் தீர்மானித்தேனா, பழகிப்போய்த் தானாகப் போனதா என்று எனக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

உன் அப்பா அந்த வீடியோவைப் பற்றி அதன்பின் ஒரே ஒருமுறைதான் பேசினார். அவருக்கு உடம்பு முடியாமல் போன வருடம். கட்டிலில் உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தவர், "அந்தப் படத்த எடுத்துடேன்" என்றார். ஆர்டர் எல்லாம் அதில்தான் வருகிறது என்றேன். "கடைக்கு ஆளு வருது, சரி. வூட்டுக்குப் புள்ள வர்றானா பாரு" என்றார். நீ அப்போது ஹாஸ்டலில் இருந்தாய். இரண்டு மாதமாக வரவில்லை. "பரீட்சை" என்றேன். அவர் டம்ளரை என்னிடம் நீட்டிவிட்டுச் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் போய் நான்கு வருடம் ஆகிறது. நான் வெட்டி எறிந்த அந்தக் கடைசி நொடிகளில்தான் அவர் குரல் இருந்தது. முழு வீடியோ இன்னும் பழைய போனில் இருக்கிறதா என்று இந்த வாரம் தேடினேன். போன் உயிர்பெறவில்லை.

உனக்கு அறிவுரை சொல்லும் தகுதி எனக்கு எவ்வளவு இருக்கிறது என்று தெரியவில்லை. இருந்தாலும் அம்மா என்பதால் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அந்தக் குட்டி வீடியோ செயலியை மூடிய வாரத்தில் நம்மைக் காப்பாற்றியது கலாவின் நீள நோட்டு. யார், எந்த ஊர், என்ன பொடி, வீட்டில் யாருக்காக வாங்குகிறார்கள் என்று அவள் கோணல்மாணலாக எழுதிவைத்திருந்தாள். 'அனந்தபுரம் டீச்சர், மாமனாருக்குப் பல் இல்ல, நைசா அரைக்கணும்' என்று ஒரு வரி எனக்கு நினைவிருக்கிறது. அந்த நோட்டை வைத்துக்கொண்டு ஒவ்வொருவராகப் போனில் கூப்பிட்டோம். பாதிக்குமேல் நம்மை நினைவு வைத்திருந்தார்கள். உன்னை யாரும் விசாரிக்கவில்லை, பொடியை விசாரித்தார்கள். அன்றைக்காவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். நீ யாருக்கு வேலை செய்தாலும் அந்த நோட்டைப் போல ஒன்றை உன் கையில் வைத்துக்கொள். இடம் இன்னொருவருடையது, எப்போது வேண்டுமானாலும் பூட்டுவார்கள், விதியை மாற்றுவார்கள். ஒவ்வொரு தடவையும் மாறத்தான் வேண்டும், அதில் தப்பில்லை. மாறும்போது எதை வெட்டுகிறாய் என்று மட்டும் பார். நான் நீளத்தை வெட்டுவதாக நினைத்துக்கொண்டிருந்தேன். உன் சாருக்கு அடுத்த வீடியோவில் யாருடைய அழுகையாவது தேவைப்பட்டால், முதலில் அந்த ஆளைக் கேள். சின்னப் பிள்ளையாக இருந்தால், கேட்டாலும் எடுக்காதே. சரி என்று சொன்னால் என்ன ஆகும் என்று அந்த வயதில் அதற்குத் தெரியாது.

நாளைக் காலை கடை திறந்ததும் அதை அழிக்கிறேன். ஊரெல்லாம் எடுத்து வைத்திருக்கும் பிரதிகளை என்னால் ஒன்றும் செய்ய முடியாது. என்னுடையதை மட்டும் முடியும். கலாவிடம் சொன்னபோது, "தம்பி மூஞ்சி இல்லாங்காட்டி ஆருக்கா நம்மள பாப்பாங்க? பேஜாராப் போயிடும்" என்றாள். எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது. கடையை நம்பி அவளோடு சேர்த்து ஏழு பெண்கள் இருக்கிறார்கள்.

இந்தக் கடிதத்தைப் பத்திரிகை ஒன்றுக்கு அனுப்பலாமா என்று ஒரு எண்ணம் இருக்கிறது. என்னைப்போல் பிள்ளைகளைப் படம் பிடித்துக்கொண்டிருக்கும் பெற்றோர்கள் படிக்கட்டும் என்று. ஆனால் இதிலும் நீ இருக்கிறாய். அதனால் முதலில் உனக்கு அனுப்புகிறேன். வேண்டாம் என்றால் வேண்டாம். காரணம் சொல்ல வேண்டியதில்லை. இந்த முறை கேட்கிறேன்.

அம்மா

மறுநாள் நடந்ததை இதன் கீழேயே எழுதிவைக்கிறேன்.

காலை ஒன்பதேகாலுக்கு வீடியோவை அழித்தேன். நிச்சயமாகவா என்று செயலி ஒருமுறை கேட்டது. ஆமாம் என்று தொட்டேன். உடனே கடிதத்தைப் போனிலேயே உனக்கு அனுப்பினேன். பகல் முழுக்கக் கலா போனைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வழக்கம்போல ஆர்டர் வந்தது. கள்ளக்குறிச்சியிலிருந்து ஒருவர், போன தடவை கறிவேப்பிலைப் பொடியில் உப்பு தூக்கல் என்று குறைப்பட்டுக்கொண்டார். மல்லாட்டைப் பொடி தீர்ந்துவிட்டதா என்று இரண்டு பேர் கேட்டார்கள். "இன்னாக்கா, ஒருத்தருமே தம்பி வீடியோவ கேக்கல?" என்று நாலு மணிக்குக் கலா கேட்டாள். இல்லை, ஒருவரும் கேட்கவில்லை. நான் உள்ளே போய்ப் பொடி சலிக்கும் இடத்தில் உட்கார்ந்தேன். எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியவில்லை. கலா வந்து லைட்டைப் போட்டாள். பொழுது போயிருந்தது, நான் சாப்பிட்டிருக்கவில்லை.

அப்போதுதான் உன் செய்தி வந்தது. "படிச்சேம்மா. அனுப்பு. என் பேரு மட்டும் வேணாம்." அடுத்ததாக, "சாப்டியா?"

இல்லை, இருட்டிவிட்டது என்று எழுதினேன்.

நீ எழுதவில்லை, கூப்பிட்டாய். "பசிக்குதா?" என்று கேட்டாய்.

ஆமாம் என்றேன்.